1500 மீட்டர் பயிற்சியில் கால் முன்னெலும்பு வலி: ஓடலாமா, நிறுத்தணுமா?

ஓடுகாலி_திருமங்கலம்:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டாம் நிலைக் காவலர் எழுத்துத் தேர்வை முடித்துவிட்டுக் கிரவுண்டுக்காக, அதாவது உடல்திறன் தேர்வுக்காக, தயாராகிக்கொண்டிருக்கிறேன். வயது 24, எடை 78 கிலோ. ஊர் திருமங்கலத்துக்குப் பக்கத்தில். பகல் முழுக்க ஹார்டுவேர் கடையில் வேலை. நாற்காலி இருக்கும், உட்கார நேரம்தான் இருக்காது. அதனால் ஓட்டம் எல்லாம் விடியற்காலையில், நான்குவழிச் சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில். பள்ளிக்கூட மைதானத்தின் கேட்டை ஆறரைக்குத்தான் திறக்கிறார்கள், எனக்கு அது ஒத்துவராது.

நான் சேர்ந்திருக்கும் கோச்சிங்கில் தினமும் 1500 மீட்டரை முழுசாக ஓடி டைம் எழுதி வைக்கணும். முந்தின நாளைவிட ஒரு வினாடியாவது குறையணும் என்பது அங்கே விதி. குறையாவிட்டால் கூடுதலாக ஒரு ரவுண்டு. இப்போது 7 நிமிடம் 20 வினாடியில் நிற்கிறேன். 7 நிமிடத்துக்குள் வராவிட்டால் அடுத்து வரும் கயிறு ஏறுதல், தாண்டுதல் எதுவும் கணக்கிலேயே வராது என்பதை இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பிரச்சினை இதுதான். இரண்டு காலிலும், இடது காலில் கொஞ்சம் அதிகமாக, முட்டிக்கும் கணுக்காலுக்கும் நடுவே முன்னெலும்பின் உள்பக்க ஓரத்தில் வலி. ஓட ஆரம்பிக்கும்போது நன்றாகவே தெரியும். உடம்பு சூடானதும் குறைந்துவிடும். சரி, போய்விட்டது என்று நினைத்துக் கடைக்குப் போனால் பரண் ஏணியில் ஏறும்போது திரும்ப வந்து நிற்கும். காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் அடி இருக்கிறதே, அதுதான் மோசம்.

இதற்கு மேல் கயிறு வேறு. ஏறும்போது இரண்டு காலாலும் கயிற்றைக் கவ்வுவதால் அதே முன்னெலும்பில் தோல் உரிந்து நீலம் பாரித்திருக்கிறது. எந்த வலி கயிற்றால் வந்தது, எது ஓட்டத்தால் வந்தது என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

கூட ஓடும் பசங்களில் ஒருவன் "வலியோடு ஓடினால்தான் எலும்பு இறுகும்" என்கிறான். இன்னொருவன் கிரவுண்டு அன்றைக்கு ஊசி போட்டுக்கொண்டு ஓடிவிடலாம், அதுவரை சமாளி என்கிறான். வீட்டில் ஓட்டத்தையே விடச் சொல்கிறார்கள். ஓடுவதை நிறுத்தினால் இதுவரை வந்த ஸ்டாமினா போய்விடுமே என்பதுதான் என் பயம். இது எலும்பு வெடிப்பாக இருக்குமா? என்ன ஷூ வாங்கலாம்? இப்போது போடுவது சாதாரண கேன்வாஸ், குதிகால் பக்கம் தேய்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.


கபடி_செல்லையா:

தம்பி, இதெல்லாம் எங்களுக்கும் வந்ததுதான். நல்லெண்ணெயைச் சூடுபண்ணி, ரெண்டு கற்பூரம் போட்டு, எலும்பு மேலேயே கட்டைவிரலால் அழுத்தி மேலிருந்து கீழே உருவி விடச் சொல்லுங்க. முதலில் கண்ணில் தண்ணி வரும். அப்புறம் கெட்ட ரத்தம் கலைந்து சரியாகிவிடும். கூடவே துணியை இறுக்கிக் கட்டி ஓடுங்க.


பழைய_உஸ்தாத்:

செல்லையா அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம். எண்ணெய் போடுவதில் தப்பில்லை, கெண்டைச் சதையில் போடட்டும். வலிக்கிற எலும்பையே அழுத்தி உருவுவது மட்டும் வேண்டாம்.

தம்பி, நான் ராணுவத்தில் ரங்ரூட்டுகளுக்கு, அதாவது புதிதாகச் சேர்ந்த பசங்களுக்கு, உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த உஸ்தாத் (பயிற்சியாளன்). இப்போது ஓய்வுபெற்று ஊரில் இருக்கிறேன். சாயங்காலம் போலீஸ், ராணுவம் என்று தயாராகும் பசங்களுக்கு மைதானத்தில் பயிற்சி. காசு வாங்குவதில்லை, அதனால் திட்டும் உரிமை உண்டு. உன்னையும் கொஞ்சம் திட்டப் போகிறேன், உன் கோச்சிங்கை நிறையத் திட்டப் போகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 1500 மீட்டர் என்பது 400 மீட்டர் டிராக்கில் மூணே முக்கால் சுற்று. 7 நிமிடம் என்றால் சுற்றுக்கு 112 வினாடி. நீ ஓடுகிற 7:20-க்கு சுற்றுக்கு 117 வினாடி சொச்சம் வருகிறது. ஆக, நீ குறைக்க வேண்டியது சுற்றுக்கு ஐந்து, ஐந்தரை வினாடி. இவ்வளவுதான் விஷயம். இந்த ஐந்து வினாடிக்காகத் தினமும் தார் ரோட்டில் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறாய். படிக்கிற பையனுக்கு வாத்தியார் பாடமே நடத்தாமல் தினமும் முழுப் பரீட்சை மட்டும் வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் உன் காலுக்கு ஆகியிருக்கிறது. முந்தின நாளைவிட ஒரு வினாடி குறையணும் என்று விதி போட்டவருக்கு ஓட்டமும் தெரியவில்லை, கணக்கும் தெரியவில்லை. அந்த விதிப்படி போனால் ஒரு வருஷத்தில் ஒன்றேகால் நிமிடத்தில் 1500 ஓடியிருக்கணும்.

என் அனுபவத்தில் இந்த வலி பயிற்சி தொடங்கின முதல் வாரத்தில் பெரும்பாலும் வராது. முதல் வாரம் எல்லாருக்கும் சதைதான் வலிக்கும். மூன்றாவது, நாலாவது வாரத்தில்தான் பையன்கள் ஒவ்வொருவராக நொண்டிக்கொண்டு எம்.ஐ. ரூம் என்கிற முகாம் மருத்துவ அறை வாசலில் வரிசை கட்டுவார்கள். அப்போது அவர்களுக்கு மூச்சு நன்றாகப் பழகியிருக்கும், இன்னும் வேகமாக ஓடலாம் போலத் தோன்றும். மூச்சு சீக்கிரம் பழகும், சதை அதற்கு அடுத்து, எலும்புதான் கடைசி. எங்கள் காலத்தில் நொண்டுகிறவனை நடிக்கிறான் என்று சொல்லி ரகடா என்கிற தண்டனைப் பயிற்சி கொடுத்த உஸ்தாதுகள் உண்டு. அந்தப் பையன்களில் சிலர் மாவுக்கட்டோடு வீட்டுக்குப் போனார்கள்.

இப்போது நீ செய்ய வேண்டியது. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை மடித்து மறு தொடைமேல் வை. முன்னெலும்பின் உள் ஓரத்தில், கணுக்காலில் ஆரம்பித்து மேலே முட்டி வரை கட்டைவிரலால் ஒவ்வொரு இடமாக மெதுவாக அழுத்திப் பார். நாலு விரல், ஐந்து விரல் நீளத்துக்கு ஒரே மாதிரி பரவலாக வலித்தால் பெரும்பாலும் அது எலும்பு ஓரத்து எரிச்சல்தான். ஓய்வும் ஒழுங்கான பயிற்சியும் போதும். ஒரே இடத்தில், ஒரு ரூபாய்க் காசு மறைக்கிற அளவு இடத்தில், தொட்டால் துள்ளுகிற மாதிரி வலித்தால் அன்றே எலும்பு மருத்துவரைப் பார். அழுத்தியதில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை என்றால் ஒற்றைக் காலில் பத்துத் தடவை குதி. குதிக்கவே முடியாமல் சுளீர் என்றால் அதற்கும் மருத்துவர்தான்.

அடுத்து கயிறு. எல்லாரும் ஏறுவதைப் பற்றியே பேசுகிறார்கள். நீ எப்படி இறங்குகிறாய்? ஐந்து மீட்டருக்கு ஒரு ஸ்டார், ஆறு மீட்டருக்கு ரெண்டு ஸ்டார் மதிப்பெண் என்று மேலே போய்த் தொட்டுவிட்டு, பாதி வழியில் கையை விட்டுத் தொப்பென்று குதிக்கிற பசங்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். கீழே மணல் என்று பேருக்கு ஒரு கூடை கொட்டியிருப்பார்கள். காலையில் தாரில் ஓடின அதே எலும்பு, மாலையில் அந்த அதிர்ச்சியையும் வாங்குகிறது. ஒரு கைக்குக் கீழே மறு கை வைத்துத் தரை வரை இறங்கிப் பழகு. கை வலுவும் கூடும். கவ்வும் முறையும் மாறணும்: கயிறு ஒரு காலின் வெளிப்பக்கமாக வந்து பாதத்தின் மேல் விழட்டும், அதை மறு பாதத்தால் மிதித்துப் பூட்டு. எலும்போடு எலும்பு வைத்து நடுவில் கயிற்றை நசுக்கினால் தோல் உரியத்தான் செய்யும். பயிற்சியின்போது கால்பந்து ஆடுகிறவர்கள் போடும் நீளமான சாக்ஸை மாட்டிக்கொள்.

நடக்கும்போதே வலிக்கிறவரை ஓட்டம் கிடையாது. ஓட்டம்தான் கிடையாது, பயிற்சி உண்டு. சைக்கிள் மிதி. உங்கள் பக்கம் கிணறு இருந்தால் இன்னும் நல்லது. நீச்சல் தெரியுமென்றால், மிதப்பதற்கு ஏதாவது கட்டிக்கொண்டு, கால் தரையில் படாமல் தண்ணீருக்குள்ளேயே ஓடு. கையையும் காலையும் நிலத்தில் ஓடுகிற மாதிரியே போடணும். இரண்டு நிமிடம் வேகம், ஒரு நிமிடம் மெதுவாக என்று மாற்றி மாற்றி அரை மணி நேரம் செய்தால் மூச்சு வாங்கும், எலும்பில் ஒரு அடிகூட விழாது. உன் ஸ்டாமினா எங்கேயும் போகாது.

ஷூவைப் பற்றி: சாய்ந்துபோனதைத் தூக்கிப் போடு. அதற்காகக் கடன் வாங்கி ஐயாயிரம் ரூபாய் ஷூ வாங்கினால் வலி போய்விடும் என்று நம்பாதே. விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம், குதிகாலில் ஆடாத பிடி, நின்று பார்த்தால் ஒரு பக்கம் சாயாத அடி, இது இருந்தால் போதும். சர்வீஸ் ரோட்டை விட்டுவிட்டுக் கண்மாய்க் கரைக்குப் போ. கரிசல் காய்ந்து வெடித்துக் கிடக்கும் காலத்தில் கால் மாட்டும், முதலில் நடந்து பார்த்து நல்ல துண்டு ஒன்றைத் தேர்ந்துகொள். அரை கிலோமீட்டர் கிடைத்தாலும் போய் வந்து ஓடலாம்.

ஊசி போட்டு ஓடலாம் என்று சொன்ன நண்பனை என்னிடம் அனுப்பு.


பிசியோ_திருச்சி:

உஸ்தாத் சொன்னதில் பெரும்பகுதிக்கு உடன்படுகிறேன். ஒரே ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன்: அழுத்தியதில் பெரிதாக ஒன்றும் தெரியாவிட்டாலும் நீங்களாகக் குதித்துப் பார்க்காதீர்கள். மருத்துவரோ பிசியோவோ பக்கத்தில் இருக்கும்போது செய்கிற சோதனை அது. வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கக் குதித்து அதைப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் (உள் ஓரம், இரண்டு கால், ஆரம்பத்தில் வலி, சூடானதும் குறைவு) உஸ்தாத் சொன்ன எலும்பு ஓரத்து எரிச்சலோடு, ஷின் ஸ்பிளின்ட்ஸ் என்று நாங்கள் சொல்வதோடு, நன்றாகவே பொருந்துகின்றன. ஆனால் காலையில் முதல் அடியே மோசம் என்கிறீர்கள், கடையில் ஏணி ஏறும்போதும் வலிக்கிறது என்கிறீர்கள். இது ஆரம்பக் கட்டம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். நேரில் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

ஏன் மூன்றாவது, நாலாவது வாரம் என்று உஸ்தாத் சொன்னதற்குக் காரணம் உண்டு. எலும்பு உயிருள்ள பொருள். புதிதாகச் சுமை ஏறினால் அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், ஆனால் அந்த வேலை இடிப்பதில்தான் ஆரம்பிக்கும். பழைய எலும்பை அரித்தெடுக்கும் செல்கள் சில வாரங்களில் தங்கள் வேலையை முடித்துவிடும். அந்தப் பள்ளத்தில் புது எலும்பு நிரம்பி இறுக மூன்று மாதம் வரைகூட ஆகும். நடுவில் இருக்கும் காலத்தில் எலும்பு முன்பிருந்ததைவிடக் கொஞ்சம் பலவீனமாகத்தான் இருக்கும். "வலியோடு ஓடினால் இறுகும்" என்று சொன்ன நண்பர் பாதி சரி. சுமையால்தான் எலும்பு இறுகும், ஆனால் சுமைக்கும் சுமைக்கும் நடுவே அதற்கு நேரம் கொடுத்தால் மட்டும்.

இது ராணுவத்தோடே சேர்ந்து வளர்ந்த அறிவு என்பதும் உண்மை. எக்ஸ்ரே வருவதற்கு 40 வருஷம் முன்பே, 1855-ல், பிரைத்தாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதை எழுதி வைத்தார். அது நடந்து நடந்தே உண்டான எலும்பு வெடிப்பு என்று எக்ஸ்ரே வந்த பிறகுதான் தெரிந்தது.

இன்னொரு வகை வலியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்களிடம் வருகிறவர்களில் அதுவும் கலந்து வரும். ஓட ஆரம்பித்துக் குறிப்பிட்ட நேரம் ஆனதும் காலின் முன்பக்கச் சதை கல்லாக இறுகும், பாதம் மரத்துப்போகும், சில பேருக்குப் பாதத்தை மேலே தூக்க முடியாமல் தரையில் தட்டும். நின்றுவிட்டால் கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகும். அது சதையைச் சுற்றியுள்ள உறைக்குள் அழுத்தம் கூடுவதால் வருவது, அதற்கு வைத்தியமே வேறு. அடிபட்ட பிறகு அப்படி இறுகி, நின்ற பிறகும் வலி கூடிக்கொண்டே போனால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகணும். செல்லையா அண்ணன் சொன்ன இறுக்கமான துணிக்கட்டு வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம்.

ஐஸ் ஒத்தடம், ஸ்பிரே எல்லாம் அந்த நேரத்து வலிக்கு மட்டும். உண்மையில் மாற்றம் கொண்டுவருவது கெண்டைக்காலின் வலு. ஓடும்போது காலில் விழும் சுமையில் பெரும்பங்கைத் தாங்குவது கெண்டைச் சதைக்கு அடியில் இருக்கும் சோலியஸ் என்ற தட்டையான சதை. முட்டியை நீட்டி வைத்துக் குதிகாலைத் தூக்கும் பயிற்சியை எல்லாரும் செய்கிறார்கள். முட்டியைக் கொஞ்சம் மடக்கி வைத்துச் செய்தால்தான் சோலியஸுக்கு முழு வேலை. படியின் விளிம்பில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, மூன்று வினாடி மேலே, மூன்று வினாடி கீழே. பத்துப் பன்னிரண்டு முறை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு காலில் எளிதாகிவிட்டால் ஒற்றைக் காலில். அதுவும் எளிதாகிவிட்டால் பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டு முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள். செய்யும்போது எலும்பு ஓரத்தில் வலி கூடினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

திரும்ப ஓடுவதை எப்போது ஆரம்பிப்பது என்று கேட்பீர்கள். தேதி சொல்ல மாட்டேன். வேகமாக நாற்பது நிமிடம் நடந்து வலி இல்லை, மறுநாள் காலை முதல் அடியிலும் வலி இல்லை, எலும்பு ஓரத்தை அழுத்தினால் முன்பு போலத் துடிக்கவில்லை, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் ஒரு நிமிடம் மெதுவோட்டம், ஒரு நிமிடம் நடை என்று ஆரம்பிக்கலாம். அடுத்த நாள் ஓட்டம் கிடையாது. வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை அளந்தால் ஓடும்போது இரண்டுக்கு மேல் போகக் கூடாது, மறுநாள் காலையில் அது கூடியிருக்கவும் கூடாது. கூடியிருந்தால் முந்தின கட்டத்துக்குத் திரும்புங்கள்.

எட்டு வைப்பதைக் கொஞ்சம் குறுக்குங்கள். உங்களைப் போல வேகத்துக்காகத் தவிக்கிறவர்கள் காலை முன்னால் எட்டிப் போட்டுக் குதிகாலால் ரோட்டை அடிப்பார்கள். நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணிப் பாருங்கள். 160 வந்தால் அதை 168, 170 ஆக்கிப் பழகுங்கள். பாதம் உடம்புக்கு அடியில் விழும், அதிர்ச்சி குறையும்.


ஆயுதப்படை_அக்கா:

நானும் இதே தேர்வில் வந்தவள்தான் சகோ. பெண்களுக்கு 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் முடித்தால் தகுதி. தூரம் கம்மிதானே என்று நினைப்பார்கள், எனக்கு வெடிப்பே வந்தது.

உங்களுக்கும் எனக்கும் வித்தியாசம் என்னவென்றால் எனக்கு ஒரு கால்தான், ஒரே இடம்தான். ஓடி முடித்ததும் போகாது. ராத்திரி படுத்திருக்கும்போது அந்த இடத்தில் விண் விண் என்று தெறிக்கும். எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்று வந்தது. உடனே எல்லாரும் "ஒண்ணும் இல்லையாம், ஓடு" என்றார்கள். நல்லவேளை, அந்த மருத்துவர் ஆரம்ப வாரங்களில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம், வலி இப்படி இருப்பதால் எம்.ஆர்.ஐ. பார்க்கணும் என்று பிடிவாதமாக எழுதிக்கொடுத்தார். அதில்தான் தெரிந்தது. அதனால் சகோ, எக்ஸ்ரே சுத்தமாக வந்தாலும் ராத்திரி வலியும் ஒற்றைப் புள்ளி வலியும் இருந்தால் விடாதீர்கள்.

இங்கே படிக்கிற தங்கைகளுக்காக இன்னொன்று. அந்த மருத்துவர் காலைப் பார்ப்பதற்கு முன்னால் என்னிடம் கேட்டது, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று. சில மாதங்களாக வரவில்லை. தங்கிப் பயிற்சி எடுத்த இடத்தில் எடை குறைந்தால் வேகம் வரும் என்று சொல்லி ராத்திரிச் சாப்பாட்டை ரெண்டு வாழைப்பழமாக்கி வைத்திருந்தார்கள். ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாவிட்டால் உடம்பு முதலில் மாதவிலக்கை நிறுத்தும், எலும்பையும் பலவீனமாக்கும் என்று அவர்தான் விளக்கினார். பயிற்சியில் மாதவிலக்கு நின்றுபோவது சகஜம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆண்களும் காலி வயிற்றில் டீயைக் குடித்துவிட்டு ஓடி, அப்படியே வேலைக்குப் போவதைப் பார்க்கிறேன். ஓடி முடித்ததும் முட்டையோ சுண்டலோ, அப்புறம் முழுச் சாப்பாடு. வாரத்தில் சில நாள் கேழ்வரகு, முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடுகிற நெத்திலி. இதெல்லாம் ஷூவைவிட மலிவு.

நான் அந்த முறை கிரவுண்டுக்குப் போகவில்லை. அடுத்த அறிவிப்பில் தேர்வானேன்.


ஓடுகாலி_திருமங்கலம்:

எல்லோருக்கும் நன்றி. உஸ்தாத் ஐயா சொன்ன மாதிரி அழுத்திப் பார்த்தேன். இரண்டு காலிலும் நீளமாகத்தான் வலி, ஒற்றைப் புள்ளி இல்லை. ராத்திரி வலியும் இல்லை. கயிற்றுக் காயம் எலும்பின் முன்பக்கம், ஓட்ட வலி உள்பக்க ஓரம். இப்போது தனித்தனியாகத் தெரிகிறது. குதித்துப் பார்க்கவில்லை.

அரசு மருத்துவமனையில் எலும்புப் பிரிவில் காட்டினேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. அவரும் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு வெடிப்பு மாதிரி தெரியவில்லை, ஓட்டத்தை நிறுத்து, வலி மாறினால் உடனே வா என்றார். ரத்தம் எடுத்ததில் வைட்டமின் டி குறைவாம், மாத்திரை எழுதியிருக்கிறார். நான் விடியுமுன் ஓடிவிட்டு நாள் முழுக்கக் கடைக்குள் நிற்கிறவன், வெயில் எங்கே படும்?

கோச்சிங்கில் போய் தினமும் டைம் எடுக்க முடியாது என்று சொன்னேன். "அப்போ வீட்டிலேயே இரு" என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன். கட்டின பணம் திரும்ப வராது.

இரண்டு சந்தேகம். கயிற்றில் இறங்குவது பற்றிச் சொன்னீர்கள், நான் குதிக்கிறவன்தான். கால் சரியாகும்வரை கயிறு ஏறலாமா? கிணற்று ஓட்டத்துக்கு என்ன கட்டிக்கொள்வது? சித்தப்பா தோட்டத்துக் கிணறு இருக்கிறது, நீச்சல் தெரியும். கடையில் 20 லிட்டர் காலி கேன் கிடைக்கும்.


பழைய_உஸ்தாத்:

கயிறு ஏறலாம், தரை வரை கையால் இறங்கினால். முடியாத அன்றைக்கு ஏறாதே. முதலில் பாதி உயரம் போய் இறங்கிப் பழகு, கை தாங்குவது தெரிந்த பிறகு மேலே போ. காயம் ஆறும்வரை காலால் கவ்வாமல் கயிற்றில் தொங்குவது, புல்-அப் எடுப்பது போதும்.

20 லிட்டர் கேன் வேண்டாம், கை வீச இடிக்கும். ஐந்து லிட்டர் கேன் இரண்டு எடுத்து, மூடியை இறுக்கி, அக்குளுக்குக் கீழே முதுகுப் பக்கமாக வருகிற மாதிரி பழைய வேட்டியால் கட்டு. கழுத்து வரை தண்ணீரில் நிமிர்ந்து நிற்கிற மாதிரி மிதந்தால் சரி. குப்புற விழுந்து நீந்துகிற மாதிரி ஆகிவிட்டால் கட்டின இடம் தப்பு, அவிழ்த்துத் திரும்பக் கட்டு. தனியாக இறங்காதே, நீச்சல் தெரிந்த ஒருவர் மேலே நிற்கணும், ஒரு கயிறு தண்ணீர் வரை தொங்கணும். மோட்டார் ஓடும்போது இறங்கவே கூடாது. சுவிட்சை அணைத்தால் போதாது, மெயினையே இறக்கிவிட்டு யாரும் போடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்.

காலையில் கிணறு என்றால் ஏறி வந்து அரை மணி நேரம் வெயிலில் நில், மாத்திரையோடு அதுவும் சேரட்டும்.

ஓட்டம் திரும்ப ஆரம்பித்த பிறகு வாரத்தில் ஒரே ஒரு நாள் வேகம். அதுவும் முழு 1500 இல்லை. 400 மீட்டரை 110 வினாடியில் ஓடு, மூச்சு அடங்கும்வரை நட, திரும்ப ஓடு. மூன்று தடவையில் ஆரம்பித்து ஐந்துக்குப் போகலாம். மற்ற நாள் எல்லாம் பக்கத்தில் ஓடுகிறவனிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம், குறை. மைதானத்தில் ஓடினால் ஒரு நாள் இடம், ஒரு நாள் வலம் என்று சுற்று. எப்போதும் ஒரே பக்கம் வளைந்தால் ஒரே கால்தான் வாங்கிக் கட்டிக்கொள்ளும். உன் இடது கால் அதிகம் வலிப்பதற்கு அந்தச் சர்வீஸ் ரோட்டின் சாய்வும் ஒரு காரணமாக இருக்கும் என்று எனக்குச் சந்தேகம்.

கிரவுண்டு தேதி வந்தால் இங்கே போடு. கடைசிப் பத்து நாளில் என்ன செய்யணும் என்று அப்போது சொல்கிறேன். இப்போதே சொன்னால் நாளைக்கே செய்து பார்ப்பாய்.